அட்வான்ஸ் வாங்கும் கை

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். பெங்களூரில் வாடகைக்கு வீடு பிடித்துப்பார் என்பதையும் அதோடு சேர்த்துக் கொள்ளலாம். பிழைப்புக்காக இங்கே வந்த நம்மவர் குடும்பங்களில் இந்தப் பாடு படாதவர் அநேகமாக இல்லை.

கணக்கைப் பாருங்கள். மாதம் 15,000 ரூபாய் வாடகையுள்ள அடுக்குமாடி வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்டால் ஒன்றரை லட்சம். முதல் மாத வாடகை 15,000. தரகருக்கு ஒரு மாத வாடகை. ஆக, பால் காய்ச்சுவதற்கு முன்பே 1,80,000 ரூபாய் எண்ணி வைக்க வேண்டும். அட்வான்ஸுக்கு வட்டி கிடையாது. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக் கொள்வதும் வழக்கமாகிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? 1999ஆம் ஆண்டின் கர்நாடக வாடகைச் சட்டம், பெங்களூரில் மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பொருந்தாது. அந்தத் தொகைக்கு இன்று எந்த வீடு கிடைக்கும்? எனவே ஒப்பந்தப் பத்திரமும் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும்தான் துணை. அந்தப் பழைய சட்டப்படி, பத்திரத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, சாதாரணப் புழக்கத்தால் வரும் தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்ல. ஆகவே கையெழுத்திடுமுன் பெயின்ட் பற்றிய வரியைப் படியுங்கள். 2021இல் மத்திய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம், குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. ஆனால் அது மாதிரிதான். மாநிலம் சட்டமாக்கினால்தான் செல்லும்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பணத்தோடு இன்னொரு சோதனையும் உண்டு. என் ஊர் கோபிநத்தம். காவிரிக் காட்டோரம், கர்நாடக எல்லைக்குள் தமிழ் பேசும் கிராமம். முன்பு மைசூர் மாவட்டம். 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். ஆதார் அட்டையில் ஊர்ப்பெயரைப் பார்த்ததும், "வீரப்பன் ஊரா?" என்று கேட்டு, வீடு இல்லை என்றவர்கள் உண்டு. வீரப்பன் இறந்தது 2004 அக்டோபரில். அதன்பின் பிறந்த பிள்ளைகள் இன்று வேலைக்கு வருகிறார்கள். அவர்களிடம் கேட்கிற கேள்வியா இது? எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலைக் கட்டித் தந்தவர், 1991இல் வீரப்பனால் கொல்லப்பட்ட வன அதிகாரி சீனிவாஸ். அவரையும் எங்கள் ஊர் மறக்கவில்லை.

வருத்தம் என்னவென்றால், அப்படிக் கேட்டவர்களில் தமிழரும் இருந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து, ஒற்றை அறையில் குடியிருந்து, வீட்டுக்காரரின் கெடுபிடியை அனுபவித்தவர்கள் இன்று மாடிமேல் மாடி கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். உழைத்துச் சேர்த்தது, வாழட்டும். ஆனால் தாம் பட்டதை அடுத்து வருகிறவரும் பட வேண்டுமா?

வாடகை பாக்கி வைத்துவிட்டு ஓடுகிறார்கள், வீட்டைப் பாழாக்குகிறார்கள் என்று வீட்டுக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. வழக்குப் போட்டால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்பதும் மெய்தான். அதற்கு மூன்று மாத அட்வான்ஸ் போதாதா? பாக்கி இரண்டாம் மாதத்தைத் தொட்டதுமே கேட்டுவிடலாமே! நேர்மையாக வாடகை தரும் ஒன்பது பேரின் சேமிப்பை, தராத ஒருவருக்காக முடக்கி வைப்பது முறையா?

நம் சங்க அன்பர்களுள் சொந்த வீடு உள்ளவர்களுக்கு என் வேண்டுகோள்: மூன்று மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்காதீர்கள். வாங்கியதற்கு ரசீது கொடுங்கள். சேதம் இருந்தால் ரசீதோடு கழியுங்கள். சுவர் பழசானதற்குக் கழிக்காதீர்கள். வருகிறவரின் வேலையையும் பழக்கத்தையும் விசாரியுங்கள். ஊர்ப் பெயரை வைத்து எடை போடாதீர்கள்.

குடிபுகுகிறவர்களும் அட்வான்ஸை வங்கி மூலமே கொடுங்கள். நுழைந்த அன்றே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். காலி செய்வதை எழுத்தில் தெரிவியுங்கள்.

அரசு சட்டம் செய்யும்போது செய்யட்டும். நம்மவர் வீட்டில் நம்மவர் குடிபுக, அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.