மாடியில் ஏரியல், கூடத்தில் சண்டை

இந்த வாரத் தபாலில் வந்திருக்கும் கடிதங்களில் ஒன்றுக்கு உடனே பதில் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தாண்டிவிட்டால் காரியம் கைமீறிப் போய்விடும் என்கிறார், எழுதியிருக்கும் சென்னைச் சகோதரி.

நாலு மாடிக் கட்டடம். இவர்கள் குடியிருப்பது மேல் மாடியில். பக்கத்து ஃப்ளாட்டில் ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். 'ஹாம்' என்று சொல்வார்களே, அந்த அமெச்சூர் ரேடியோக்காரர். மொட்டை மாடியில் கம்பி கட்டி, உலகத்தில் யார் யாருடனோ பேசுகிறார். பேசட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் இவர்கள் வீட்டுக் கூடத்தில் மாமியார் சுப்ரபாதம் கேட்க உட்கார்ந்தால், ஸ்பீக்கரிலிருந்து வாத்து கத்துவதுபோல் ஒரு குரல் குறுக்கே வருகிறதாம். டெலிவிஷனிலும் அதே கதை. ஃப்ளாட் சங்கத்தார் ஞாயிறன்று கூட்டம் போட்டு, ஏரியலைக் கழற்றச் சொல்லி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கப் போகிறார்கள். வீட்டுக்காரர் பேனாவுடன் தயார். இவருக்குத்தான் மனசு வரவில்லை. பிரசவமாகி வந்தபோது பத்து நாள் மிளகு ரசமும் பருப்புத் துவையலும் செய்து கொடுத்தவர் அந்த வீட்டு மாமிதானாம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு சங்கதி தெரிய வேண்டும், சகோதரி. வாத்துக் குரல் வருவது அவருடைய கருவியின் கோளாறா, உங்கள் கருவியின் கோளாறா?

சிரிக்காதீர்கள். ஸ்பீக்கர் பெட்டி ரேடியோ அல்ல. எந்த அலையையும் பிடிப்பது அதன் வேலையே இல்லை. ஆனால் அதிலிருந்து சுவரோரமாக மூன்று மீட்டர் ஒயர் ஓடுகிறதல்லவா? அதுவும் ஒரு ஏரியல்தான். பலமான ரேடியோ அலை பக்கத்தில் கிளம்பினால் அந்த ஒயர் வழியாக உள்ளே நுழைகிறது. உள்ளே இருக்கும் டிரான்ஸிஸ்டர்கள் அதைச் சத்தமாக மாற்றிவிடுகின்றன. ஹாம்காரர்களின் பல கருவிகள் 100 வாட் வரை அனுப்பும். ஒரு பழைய குண்டு பல்பின் அளவுதான். ஆனால் ஏரியல் உங்கள் தலைக்கு நேர் மேலே இருக்கிறதே! தூரம் கூடக் கூட அலையின் பலம் மளமளவென்று குறையும். கீழ் வீட்டுக்காரர்கள் நிம்மதியாக இருப்பதற்கும் நீங்கள் அவதிப்படுவதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம்.

வாத்துக் குரல் ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். இவர்கள் பேச்சை முழுசாக அனுப்புவதில்லை. மின்சாரத்தையும் இடத்தையும் மிச்சம் பிடிக்க, அலையின் ஒரு பாதியை மட்டும் அனுப்புவார்கள். கேட்கிறவரின் கருவி விட்டுப்போனதைச் சேர்த்துக்கொண்டு மனுஷக் குரலாக்கிவிடும். உங்கள் ஸ்பீக்கருக்கு அந்த வித்தை தெரியாது. அதனால் அவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் உங்களுக்கு 'குவா குவா'தான்.

ஆகவே, பாட்டுப் பெட்டியில் குரல் கேட்டால் அது பெட்டியின் குறை. தயாரித்தவர்கள் சில ரூபாய் செலவழித்து வாசலில் ஒரு காவல்காரனை வைத்திருக்க வேண்டும்; வைக்கவில்லை. ஐரோப்பாவில் 1996 முதல், மின்சாதனம் மற்றதைத் தொந்தரவு செய்யவும் கூடாது, வெளித் தொந்தரவைத் தாங்கவும் வேண்டும் என்று சட்டமே கட்டாயமாகிவிட்டது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிற சாமானில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

டெலிவிஷன் விஷயம் அவ்வளவு சுலபமாகச் சொல்லக்கூடியதல்ல. அங்கே தப்பு அவர் பக்கமும் இருக்கலாம். 14 மெகாஹெர்ட்ஸில் பேசும் கருவி சுத்தமாக இல்லாவிட்டால் 28, 42 என்று மடங்கு மடங்காகவும் கொஞ்சம் சிந்தும். அப்படிச் சிந்தினால் வடிகட்டி போட்டு நிறுத்த வேண்டியது அவர் பொறுப்பு. அவருடைய வீட்டு டெலிவிஷனைப் போய்ப் பாருங்கள். கருவிக்குப் பக்கத்திலேயே இருக்கிற அந்த டெலிவிஷன் சுத்தமாக ஓடினால், அவர் கருவி பெரும்பாலும் யோக்கியமானது என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் கேபிள் முனை தளர்ந்திருக்கிறதா என்றும் ஒரு தடவை திருகிப் பாருங்கள். தளர்ந்த முனை என்பது திறந்து வைத்த ஜன்னல்.

ஸ்பீக்கருக்கு ஒரு பரீட்சை உண்டு, குழந்தைகூடச் செய்யலாம். குரல் வரும்போது வால்யூமை அடியோடு குறைத்துவிடுங்கள். பாட்டு நின்று வாத்து மட்டும் அதே பலத்தில் கத்தினால், ஸ்பீக்கர் ஒயர் வழியாகவோ கரண்ட் ஒயர் வழியாகவோ அது நுழைகிறது என்று அர்த்தம். வால்யூமோடு சேர்ந்து குரலும் இறங்கினால், டெலிவிஷனிலிருந்தோ போனிலிருந்தோ பெட்டிக்கு வரும் ஒயரைச் சந்தேகப்படுங்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் திருடன் அகப்பட்டுவிடுவான். பெட்டியின் மூடியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்சாரம் இருக்கும்.

மருந்து மிகச் சாதாரணமானது. கம்ப்யூட்டர் ஒயர்கள் சிலவற்றின் முனையில் எலி விழுங்கிய பாம்பு மாதிரி ஒரு கட்டி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருப்பது ஃபெரைட் என்னும் இரும்புக் கலவை வளையம். ரேடியோ அலையை ஒயரில் ஓடவிடாமல் அமுக்குவதுதான் அதன் வேலை; பாட்டை அது தொடாது. ரிச்சி தெருவில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒயரை வளையத்துக்குள் ஒரு தடவை நுழைத்துவிட்டு, பலனில்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஏழெட்டுச் சுற்றுச் சுற்ற வேண்டும். சுற்று இரண்டு மடங்கானால் பலன் ஏறக்குறைய நாலு மடங்காகும். வளையம் பெட்டியை ஒட்டினாற்போல் இருக்கட்டும். மிச்ச ஒயரைத் தோரணம் மாதிரித் தொங்கவிடாமல் குறைத்துவிடுவதும் நல்லது.

இதையெல்லாம் உங்கள் வீட்டுக்காரரே செய்ய வேண்டுமென்பதில்லை. அந்த ஹாம்காரரைக் கூப்பிட்டால் ஓடி வருவார். இந்த மாதிரி ஆசாமிகளுக்கு இது வேலையல்ல, விருந்து! முதலில் ஒரு வாரம், குரல் கேட்ட தேதியையும் மணியையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எப்போது யாரோடு பேசினோம் என்று அவர்களும் குறிப்பு வைத்துக்கொள்வது வழக்கம். இரண்டையும் ஒத்துப் பாருங்கள். மணி ஒத்துப்போகாவிட்டால் குற்றவாளி வேறு யாரோ.

அவரிடமும் ஒரு புகார்ப் பட்டியல் இருக்கும், கேளுங்கள். இப்போது வீடு நிறைய எல்.இ.டி. பல்பு, சார்ஜர், இண்டக்‌ஷன் அடுப்பு. இவற்றில் பலது ஓயாமல் ரேடியோ இரைச்சலைக் கக்குகின்றன. பரணில் பழைய டிரான்ஸிஸ்டர் இருந்தால் எடுத்து, மீடியம் வேவில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து, பல்புக்கும் சார்ஜருக்கும் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். 'கொர்ர்' என்று கேட்கும். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வருகிற மெல்லிய குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு, உங்கள் வீட்டு மலிவு பல்பு அவருடைய வாத்து!

இது வெறும் பொழுதுபோக்குதானே என்று சங்கத்தில் யாராவது கேட்பார்கள். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி ஒரு குழுவோடு போர்ட் பிளேருக்குப் போய், ஹோட்டல் அறையில் ரேடியோவை வைத்துக்கொண்டு உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். 26-ஆம் தேதி சுனாமி. டெலிபோன்கள் செத்துவிட்டன. அந்தமானில் இருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தியை அவர்களுடைய குடும்பங்களுக்குக் கொண்டுபோனதில் அந்த ஹோட்டல் ரேடியோவுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதற்காக உங்கள் மாமியார் தினமும் வாத்துச் சங்கீதம் கேட்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. ஹாம்காரர் பரீட்சை எழுதி மத்திய அரசிடம் லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும், 'வி.யூ.' என்று ஆரம்பிக்கும் அழைப்புக் குறி ஒன்று அவருக்கு இருக்கும். ராஜீவ் காந்திக்குக்கூட அப்படி ஒன்று இருந்தது. லைசென்ஸ் இல்லையென்றாலோ, கருவி சிந்துகிறது என்று தெரிந்தும் அவர் சரிசெய்ய மறுத்தாலோ, தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவுக்கு எழுத வேண்டியதுதான். ஏரியலைக் கொஞ்சம் தள்ளிக் கட்டுவது, காலை வேளையில் பலத்தைக் குறைத்துப் பேசுவது, இதெல்லாம் நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

ஞாயிறு கூட்டத்தை இரண்டு வாரம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். விஷயத்தைச் சங்கத்துக் காகிதத்தில் அனுப்ப வேண்டாம். இன்று சாயங்காலமே நீங்கள் போய் மாமியிடம் சொல்லுங்கள். வளையம் வாங்கப் போகிறவர் ஸ்பீக்கர் ஒயரில் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோகட்டும். துளை சின்னதாக இருந்தால் இரண்டு சுற்றுக்கு மேல் ஏறாது.