சோற்றுக்குள் இருக்கும் வெயில்

உலையில் அரிசியைக் களைந்து போடும்போது என்றைக்காவது ஒரு கேள்வி மனத்தில் எழுந்ததுண்டா, சகோதரிகளே? இந்த அரிசி எதனால் ஆனது?

"இதென்ன கேள்வி? மண்ணிலே விளைந்தது, மண்ணின் சத்தால் ஆனது" என்றுதான் நம்மில் பலரும் சொல்வோம். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பெண் மட்டும், "இல்லை அம்மா, ஒளிச்சேர்க்கை!" என்று பாடப் புத்தகத்தை ஒப்பிப்பாள். அவள் சொல்வதுதான் சரி. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை அதிசயம் அடங்கியிருக்கிறது என்பது அவளுக்கும் முழுக்கத் தெரிந்திராது.

விறகடுப்பு எரித்துப் பழகியவர்களைக் கேளுங்கள். ஒரு பெரிய கட்டு விறகு எரிந்த பிறகு மிஞ்சுவது ஒரு முறம் சாம்பல்கூடத் தேறாது. மரம் மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டது அநேகமாக அந்தச் சாம்பல் அளவுதான். மீதியெல்லாம் காற்றும் தண்ணீரும். எரிந்ததும் வந்த வழியே திரும்பிப் போய்விட்டன!

பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் வாழ்ந்த வான் ஹெல்மாண்ட் என்ற வைத்தியர் இதை நிறுத்துப் பார்த்தார். ஒரு தொட்டியில் 200 பவுண்டு காய்ந்த மண்ணைப் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். 5 வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றி வந்தார். மரம் 169 பவுண்டாக வளர்ந்துவிட்டது. மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ்! மரம் முழுவதும் தண்ணீரால்தான் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அவர் மறைந்த பிறகு, 1648-இல் அந்த விவரம் அச்சில் வந்தது. பாதி உண்மையை அவர் கண்டுவிட்டார். மறுபாதி காற்றில் இருந்தது. அது அவருக்குப் புலப்படவில்லை.

அந்த மறுபாதியைக் கண்ணால் காண வேண்டுமானால் நாஞ்சில் நாட்டுக்குப் போவோம். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு ரயிலில் போகிறவர்களுக்குத் தெரியும். வள்ளியூர்ப் பக்கம் வரை செம்மண்ணும் பனையுமாக இருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும், மலையடிவாரத்தில் பச்சைப் பட்டை விரித்தாற்போல் வயல்கள். தோவாளை, அகஸ்தீசுவரம் என்ற இரண்டு தாலுகாக்களும் சேர்ந்த இந்தப் பூமி, திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கே நெற்களஞ்சியமாக இருந்தது. 1906-இல் கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணை இதற்கு நீர் கொடுத்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கன்னி மாதம் அறுப்பது கன்னிப்பூ, கும்ப மாதம் அறுப்பது கும்பப்பூ என்று பயிருக்குப் பெயரே பூவாக வைத்த ஊர் அது.

கதிர் வெளிவரும் சமயத்தில் அங்கே வரப்பில் நிற்கும் பெரியவர் ஒருவரை, "பயிர் எப்படி இருக்கு, பாட்டா?" என்று கேட்டுப் பாருங்கள். "கண்ணாடி எலை நல்லா நிக்கு மக்கா. இனி ஒரு மாசம் வெயிலு அடிச்சாப் போதும்" என்பார். கதிரைப் பற்றிக் கேட்டால் இலையைப் பற்றிப் பதில்! ஏன்?

கதிருக்குச் சற்றுக் கீழே, எல்லாவற்றுக்கும் மேலாக நிற்கும் கடைசி இலைக்குத்தான் கண்ணாடி இலை என்று பெயர். நெல்மணிக்குள் இறங்கும் மாவில் பெரும்பகுதியைச் சமைத்துக் கொடுப்பது இதுவும் இதற்கு அடுத்த இரண்டு இலைகளுமே. ஆம், இலைதான் சமையலறை. உள்ளே எட்டிப் பார்ப்போமா?

இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான வாசல்கள் உண்டு. அவற்றுக்கு இலைத்துளைகள் என்று பெயர். அவற்றின் வழியே கரியமில வாயு உள்ளே நுழைகிறது. 10,000 பங்கு காற்றில் அது சுமார் 4 பங்குதான். அந்தச் சொற்பத்தைத்தான் இலை பிடித்துச் சேர்க்கிறது. தண்ணீர் வேரிலிருந்து ஏறி வருகிறது. உள்ளே சின்னஞ்சிறு அறைகளாக உயிரணுக்கள். ஒவ்வோர் அறையிலும் பச்சை மணிகளாகப் பசுங்கணிகங்கள். அவற்றுக்குள் தோசைகளை அடுக்கி வைத்தாற்போல் மெல்லிய தட்டுகள், தட்டுகளில் பச்சையம்.

வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலாவது, அடுப்பு மூட்டுவது. சூரிய ஒளியில் உள்ள சிவப்பையும் நீலத்தையும் பச்சையம் உறிஞ்சிக்கொள்கிறது. பச்சையைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகிறது. அதனால்தான் இலை நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. உறிஞ்சிய சக்தியால் தண்ணீர் பிளக்கிறது. அதிலிருந்து பிராணவாயு பிரிந்து வெளியே போகிறது. நாம் மூச்சில் இழுப்பது அதைத்தான். இந்தப் பிராணவாயு கரியமில வாயுவிலிருந்து வரவில்லை, தண்ணீரிலிருந்தே வருகிறது என்பதை 1941-இல் அமெரிக்காவில் ரூபன், கேமன் என்ற இரு விஞ்ஞானிகளும் அவர்களுடைய சகாக்களும் காட்டினார்கள்.

இரண்டாவது, சமைப்பது. முதற் கட்டத்தில் சேர்த்த சக்தியைக் கொண்டு, கரியமில வாயுவைப் படிப்படியாகச் சர்க்கரையாகக் கட்டுகிறது இலை. இதில் ஒவ்வொரு படியையும் கண்டறிந்தவர்கள் கலிபோர்னியாவில் மெல்வின் கால்வினும் அவருடைய கூட்டாளிகளும். கால்வினுக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சமைத்த சர்க்கரை, நாம் காப்பியில் போடும் அதே ஜாதிச் சர்க்கரையாக நரம்புகள் வழியே கீழிறங்கிக் கதிருக்குப் போகிறது. பூத்துச் சில நாள் ஆன நெல்மணியை நகத்தால் கிள்ளினால் வெள்ளையாகப் பால் வருமே, "பால் பிடித்திருக்கிறது" என்கிறோமே, அது இந்தப் பண்டம்தான். பிறகு அது இறுகி மாவாகிறது. நாம் வாங்கும் தீட்டிய அரிசியில் 100-க்கு ஏறக்குறைய 80 பங்கு மாவுச்சத்து. நம்பாவிட்டால் ஒரு பருக்கைச் சோற்றில் டிங்க்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், கருநீலமாக மாறிவிடும். (அந்தப் பருக்கையைப் பிறகு எறிந்துவிடுங்கள்!)

இப்போது பாட்டாவின் பதில் விளங்குகிறதல்லவா? பூத்ததிலிருந்து சுமார் 30 நாள்தான் மணி நிரம்பும் காலம். அந்த நாட்களில் வானம் மூடிக்கொண்டு மழை பிடித்தால் அடுப்பில் தீ இல்லை. மணி நிரம்பாமல் பதராகப் போகும். உழுததும், நட்டதும், களை பறித்ததும், கடன் வாங்கி உரம் போட்டதும் எல்லாம் நடந்தே இருக்கும். அறுவடையன்று தூற்றும்போது பாதி காற்றில் பறக்கும். ஒரு குடும்பத்தின் வருஷக் கணக்கு அந்த ஒரு மாத வெயிலில் அடங்கியிருக்கிறது.

வெயில் நம் கையில் இல்லை. இலை நம் கையில் இருக்கிறது. இலைச்சுருட்டுப் புழு என்று ஒன்று உண்டு. இலையை மடித்து உள்ளே உட்கார்ந்துகொண்டு பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். பயிர் இளசாக இருக்கும்போது 10 சதவீத இலைகள் சேதமானால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் 5 சதவீதம் சேதமானாலே யோசிக்க வேண்டும் என்று விவசாயத் துறையினர் வரையறுத்திருக்கிறார்கள். கண்ணாடி இலைக்கு எத்தனை மதிப்பு, பாருங்கள்!

அப்படியானால் யூரியாவை அள்ளிக் கொட்டி இலையைக் கரும்பச்சையாக்கிவிடலாமே என்று தோன்றும். பச்சையம் உண்டாக நைட்ரஜன் தேவைதான். ஆனால் அளவு மீறினால் இலைகள் கொழுத்து ஒன்றின் மேல் ஒன்று நிழல் விழும், புழுவுக்கும் விருந்தாகும். இதற்கென்றே இலை வண்ண அட்டை இருக்கிறது. புடவைக்கு ரவிக்கைத் துணியை வைத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல, இலையை அட்டையின் பச்சையோடு ஒட்டிப் பார்த்து, வெளுத்திருந்தால் மட்டும் யூரியா போடலாம். செலவும் மிச்சம், பயிரும் பத்திரம்.

இன்னொரு சங்கதி. இலையும் உயிருள்ளதுதான், இரவில் சமையல் கிடையாது, மூச்சு மட்டும் உண்டு. பகலில் சேர்த்ததில் கொஞ்சத்தை இரவில் செலவழிக்கிறது. (இதைக் கேட்டுப் படுக்கையறையிலிருக்கும் பூந்தொட்டியை வெளியே தள்ள வேண்டாம். பக்கத்தில் குறட்டை விடுகிறவர் வெளியிடும் கரியமில வாயுவில் சிறு பங்குகூடத் தொட்டிச் செடி வெளியிடாது!) இரவு எவ்வளவு புழுக்கமோ அவ்வளவு செலவு. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களைப் பற்றி 2004-இல் வெளிவந்த ஆராய்ச்சி, வறண்ட பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் மகசூல் 10 சதவீதம் குறைவதாகக் கண்டது. பூமி சூடேறி வரும் இந்நாளில் இது எங்கோ நடக்கிற கதை அல்ல. சம்பாத்தியம் அப்படியே இருக்க, செலவு மட்டும் ஏறும் குடித்தனம் எப்படியிருக்கும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டுமா?

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் திருப்பதிசாரத்தில் ஒரு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்த மண்ணுக்கும் அந்த மழைக்கும் ஏற்ற நெல் ரகங்களை அங்கே உருவாக்கித் தந்திருக்கிறார்கள். ஆனால் ரகம் எத்தனை நல்லதானாலும் அதை நட வயல் வேண்டுமே! நாஞ்சில் நாட்டில் வருஷத்துக்கு வருஷம் நெல் வயல்கள் வாழையாகவும் தென்னையாகவும், கடைசியில் வீட்டு மனையாகவும் மாறி வருகின்றன. வாழையும் தென்னையும் இலைகள்தாம். வெயிலைப் பிடித்துச் சமைப்பவைதாம். அங்கே திரும்பவும் நெல் நடலாம். கான்கிரீட் போட்ட மனையில் வெயில் விழுந்தால் சுவர் சுடும், சோறு ஆகாது.

ஊரில் ஒரு துண்டு வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பட்டணத்தில் குடியிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ. "விற்றுவிடலாமா?" என்ற பேச்சு வீட்டில் வரும்போது, விலையோடு இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேசுங்கள். நம் வீட்டு அடுப்பில் எரிவாயு தீர்ந்தால் வேறு உருளை வாங்கிக்கொள்ளலாம். காற்றையும் தண்ணீரையும் வெயிலையும் சேர்த்துச் சோறாக்கும் அடுப்பு இலை ஒன்றுதான். அதை விற்பதற்கு எந்தக் கடையும் கிடையாது.