எந்திரம் மட்டும் போதாது, வரைபடத்தைக் கொடு!

பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டால் இந்த நகரத்துக்கு முதலில் ஞாபகம் வருவது எந்திரமல்ல, ஆள். அதுவும் ஏதோ ஒரு ஆளல்ல. இன்ன சேரியில், இன்ன சாதியில் பிறந்த ஆள். மேன்ஹோலில் தேங்கும் விஷவாயுவுக்குச் சாதி தெரியாது. அதைச் சுவாசிக்க யாரை அனுப்புவது என்பதைச் சாதிதான் முடிவு செய்கிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1993ல் ஒன்று, 2013ல் இன்னொன்று. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023ல் 30 லட்சம் ஆக்கியது. பிணத்தின் விலை ஏறியிருக்கிறது. இறங்குவது நிற்கவில்லை.

இப்போது எந்திரம் வந்துவிட்டது என்கிறார்கள். வரட்டும், யார் வேண்டாமென்றது? 2018ல் கேரளத்து இளம் பொறியாளர்கள் 'பாண்டிகூட்' ரோபோவைத் திருவனந்தபுரத்துச் சாக்கடையில் இறக்கினார்கள். நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில் செப்டிக் டேங்குக்காக 'ஹோமோசெப்' செய்தார்கள். சுழலும் கத்திகள் இறுகிப்போன கசடைக் கலக்கும், பம்பு உறிஞ்சிக்கொள்ளும். 2022ல் முதல் இரண்டு எந்திரங்கள் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழியாக, இதே வேலையில் புருஷனைப் பறிகொடுத்த பெண்கள் நடத்தும் சுயஉதவிக் குழுக்களுக்குப் போயின. நல்ல காரியம்.

ஆனால் ஒரு கேள்வி கேட்டாகணும். எந்திரம் ரிப்பேரானால்?

மோட்டார் எரிகிறது, சீல் கிழிகிறது, சர்க்யூட் போர்டு போய்விடுகிறது. ஸ்பேரும் கம்பெனியிலிருந்துதான் வரணும், மாட்டுகிறவனும் அங்கிருந்துதான் வரணும் என்றால் அதுவரை காண்ட்ராக்டர் காத்திருப்பானா? "இந்த ஒரு வாட்டி மட்டும் எறங்குப்பா" என்பான். எந்திரம் நிற்கிற அன்றைக்குச் சாதி மறுபடி வேலைக்கு வந்துவிடும். பழுது பார்க்கும் அறிவு யார் கையில் என்பது உயிர்ப் பிரச்சினை, தோழர்களே.

வேறு வழி உலகத்தில் இல்லாமலில்லை. 2005ல் இத்தாலியில் பிறந்த ஆர்டுயினோ போர்டின் வரைபடத்தை எல்லோருக்கும் திறந்துவைத்தார்கள். அதனால்தான் அதன் நகல் ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ரோபோக்களுக்கான 'ராஸ்' மென்பொருள் 2007ல் தொடங்கியது. யாரும் எடுக்கலாம், பிரிக்கலாம், திருத்தித் திருப்பிக் கொடுக்கலாம். ஒருவன் செய்த கையை இன்னொருவன் தன் ரோபோவுக்கு மாட்டிக்கொள்கிறான். இதைத்தான் திறந்த மூலம் என்கிறார்கள்.

"நம்ம சனங்களுக்கு இதெல்லாம் வருமா?" என்று இழுக்கிற மேதாவிகள் வடசென்னைக்கு வரட்டும். காசிமேட்டில் விசைப்படகு எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறவனைப் பார்க்கட்டும். காயலான் கடையில் கிடந்த கியரைத் தேடி எடுத்து லேத்தில் கடைந்து பொருத்துகிறவனைப் பார்க்கட்டும். 1955ல் இங்கிலாந்திலிருந்து வந்த புல்லட்டின் கதை திருவொற்றியூரில் இருக்கிறது. முதலில் பாகங்கள் வந்தன, இங்கே கோர்த்தார்கள். பிறகு பாகங்களைச் செய்யும் கருவிகளும் வந்தன. 1970 வாக்கில் அங்கே தாய்க் கம்பெனியே மூடிப்போனது. புல்லட் சாகவில்லை. பொருளோடு அதைச் செய்யும் வழியும் இங்கே வந்துசேர்ந்திருந்தது, அதனால்தான்.

அந்த வழியைத்தான் சாக்கடை எந்திரத்துக்கும் கேட்கிறோம். வேதம் கேட்ட காதில் ஈயத்தை ஊற்றச் சொன்னது தர்மசாஸ்திர மரபு. இன்றைக்கு ஈயம் இல்லை, காப்புரிமைப் பூட்டு இருக்கிறது. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இன்னொரு பூட்டும் தெரியும். எந்திரக் கடன் என்றால் கம்பெனி கொட்டேஷன் கேட்பார்கள். நாலு பேர் சேர்ந்து பட்டறையில் செய்த எந்திரத்துக்குக் கொட்டேஷன் எங்கே போய் வாங்குவது?

எந்திரம் வந்தால் சாதி ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கையால் அள்ளியவனையே எந்திரத்தாலும் அள்ள வைத்தால் மாறியது துடைப்பம் மட்டும்தான். வரைகிறவன் மேலே, அள்ளுகிறவன் கீழே என்பது உடையணும். உள்ளே இறங்கி மீண்டவனுக்குத்தான் குழியின் வளைவு தெரியும், கசடின் கனம் தெரியும். அவன் வடிவமைக்கும் மேசையில் உட்காரணும், கூலியோடு, பெயரோடு.

மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நிறுவனங்கள் செய்கிற ஒவ்வொரு சாக்கடை எந்திரத்தின் வரைபடமும் தமிழில், பாகங்களின் பட்டியலோடு வெளிவர வேண்டும். போல்ட்டு முதல் மோட்டார் வரை உள்ளூர்க் கடையில் கிடைக்கிற அளவாக இருக்க வேண்டும். பட்டறையில் கூட்டாகச் செய்கிறவர்களுக்குக் கடன் கிடைக்க வேண்டும்.

பாலிடெக்னிக்கிலும் ஐ.டி.ஐ.யிலும் படிக்கிற தோழர்களே, உங்கள் புராஜெக்டுக்குத் தலைப்பு தேடி எங்கேயும் அலைய வேண்டாம். உங்கள் தெரு முனையில் மூடி போட்டு வைத்திருக்கிறார்கள்.