ஓடுவது வேறு, வீதிக்குத் தகுவது வேறு

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது எம் முன்னோர் வாக்கு. பழைய வான் ஒன்றை மலிவாக வாங்கிவிட்டோமென்று மகிழ்ந்தவர்கள், கராஜ் வாசலிலே நின்று அவ்வாக்கின் உண்மையை இன்று உணர்ந்து வருகின்றனர். வலிகாமத்துத் தோட்டக்காரரும் வன்னி வயற்காரரும், ஆசிரியரும் எழுதுவினைஞரும் எம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: இருபது முப்பது ஆண்டு ஓடிய வானைத் திருத்தி எடுப்பது இலாபமா, நட்டமா?

அரசியற் பத்திரிகைக்கு வான் திருத்தும் கதை எதற்கு என்று கேட்பாரும் உளர். விளைந்த வெங்காயமும் மிளகாயும் சந்தைக்குப் போவது வானிலே. நள்ளிரவில் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போவதும், காலையில் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் பல ஊர்களில் அதே வானிலே. குடியானவனின் உழைப்பையும் உயிரையும் ஒருங்கே சுமக்கும் பொருளின் விலையை அரசாங்கத்தின் கொள்கை நிர்ணயிக்கும்போது, அப்பொருள் அரசியலுக்குப் புறம்பானதென்று எவர் சொல்வார்?

விலை ஏறிய வரலாறு

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்திற்று. அந்நியச் செலாவணியைக் காப்பது நோக்கமெனப்பட்டது. ஏறத்தாழ ஐந்தாண்டு கழிந்து, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் பாவனை வாகனங்களுக்குக் கதவு திறந்தது. திறந்த கதவின் முன்னே தீர்வைகள் மதிலாக எழுந்து நின்றன. புதிய வான் குடியானவனுக்கு எட்டாக்கனியாயிற்று. ஆகவே, பழைய ஹைஏஸும் டெலிகாவும் கரவனும் வளவு மூலையிலிருந்து மீண்டும் வீதிக்கு வந்தன.

அவற்றைத் திருத்தும் செலவும் உயர்ந்தது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க டொலர் ஒன்று 200 ரூபாவை அண்டி நின்றது. அவ்வாண்டு மே மாதத்தில் அது 360 ரூபாவை எட்டிற்று. 2025இல் 300 ரூபாவை அண்டி நின்றது. 2022 தொடக்கத்தில் 8 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரி, படிப்படியாக ஏறி, 2024 ஜனவரி முதலாம் திகதி 18 வீதமாயிற்று. இவ்விரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நூறு டொலர் பெறுமதியான உதிரிப்பாகம் ஒன்று 2022 தொடக்கத்தில் வரியோடு 21,600 ரூபா. அதே பாகம் 2025இல் வரியோடு 35,400 ரூபா. சுங்கத் தீர்வையும் வியாபாரியின் இலாபமும் இக்கணக்கிற் சேரவில்லை. பாகத்தின் தரம் அணுவளவும் உயரவில்லை. விலை மட்டுமே உயர்ந்தது.

முற்றுகைக் காலம் தந்த பழக்கம்

இச்சுமையின்கீழ் எம்மவர் என்ன செய்கின்றனர்? 'ஓடினால் போதும்' என்று அமைகின்றனர். இச்சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதியின்மீது பொருளாதாரத் தடை விழுந்தது. எரிபொருளும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் தடைப்பட்டன. அக்காலத்திலே ஒஸ்ரின், மொறிஸ் கார்களை எம் மெக்கானிக்குகள் மண்ணெண்ணெயில் ஓடவைத்தனர். சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினுக்கு உயிரூட்டி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். கிடைக்காத பாகத்தைக் கடைசற்பட்டறையில் கடைந்தெடுத்தனர். கல்லூரிப் பட்டமில்லாத அக்கைகள் காட்டிய திறமை எம் மக்களின் பெருமைக்குரியது. அன்று 'ஓடினால் போதும்' என்பது வீரம்.

இன்று நிலைமை வேறு. 2006 ஆகஸ்டில் மூடப்பட்ட ஏ9 வீதி, போர் முடிந்த 2009இல் மீண்டும் திறந்தது. குண்டும் குழியுமாகக் கிடந்த வீதிகள் பல காபெற் வீதிகளாயின. அன்று ஊர்ந்த வண்டி இன்று விரைகின்றது. வேகம் இரட்டித்தால் பிறேக் அடக்கவேண்டிய சக்தி நான்கு மடங்காகும் என்பது பௌதிகத்தின் விதி. மெதுவாக ஊர்ந்த காலத்தில் மன்னிக்கப்பட்ட பிறேக், தம்புள்ளைச் சந்தைக்கு நிறைபாரத்தோடு விரையும் வானில் மன்னிக்கப்படமாட்டாது. முற்றுகைக் காலத்தின் திறமையைப் போற்றிக் காப்போம். அக்காலத்தின் சகிப்பைக் கைவிடுவோம். வான் ஓடுவது வேறு, வீதிக்குத் தகுவது வேறு.

எதற்கு முதற் செலவு?

பழைய வானைத் திருத்துவோர் பலர் செலவைத் தலைகீழாகச் செய்கின்றனர். முதலிற் பெயின்ற், பின்னர் இருக்கை, அதன்பின் பாட்டுப்பெட்டி, எஞ்சினுக்குக் கொஞ்சம், மிஞ்சினால் பிறேக்கிற்கும் ரயருக்கும். இவ்வரிசையைத் திருப்பவேண்டும்.

முதலிற் பார்க்கவேண்டியது அடிச்சட்டம். எமது உப்புக்காற்று இரும்பின் எதிரி. சில்லு வளைவுகளிலும் கதவின் கீழ்ப்பகுதியிலும் தரைத் தகட்டிலும் துரு குடியிருக்கும். அதைப் பட்டி பூசி மறைத்து விற்பார் உண்டு. சிறு காந்தம் ஒன்றைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். இரும்பிருக்கும் இடத்தில் ஒட்டும், தடித்த பட்டியின்மேல் ஒட்டாது. சட்டம் உக்கிய வானுக்கு எத்தனை இலட்சம் கொட்டினும் அது விழலுக்கு இறைத்த நீரே. அத்தகைய வானைப் பாகங்களுக்காக விற்றுவிடுவது புத்தி.

இரண்டாவது, பிறேக்கும் ஸ்ரியறிங்கும் ரயரும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்றனர் எம் முன்னோர். பிறேக் இல்லாத வானோ ஓடிக்கொண்டேயிருக்கும், அதுவே ஆபத்து. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஆண்டுக்கணக்கில் மாற்றாது விட்டால் குழாயினுள்ளே துருவேறும். பழைய வானில் எண்ணெயையும் றப்பர்ப் பாகங்களையும் துருவேறிய குழாய்களையும் ஒருங்கே மாற்றுவதே முறை. ரயரில் வரி ஆழமாயிருக்கிறதென்று மட்டும் பார்த்து ஏமாறவேண்டாம். அதன் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2312 என்றிருந்தால், 2012ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் உற்பத்தியானது என்று பொருள். புதிதுபோல் தோன்றும் பழைய ரயரின் றப்பர் இறுகிக் கிடக்கும். அது வெடிக்குமுன் சொல்லிக்கொள்வதில்லை.

மூன்றாவதே எஞ்சின். டைமிங் பெல்ற் உள்ள எஞ்சினாயின், அது எப்போது மாற்றப்பட்டதென்று தெரியாதவிடத்து, வாங்கியவுடன் மாற்றுக. பெல்ற் அறுந்தால் உள்ளே வால்வுகள் சிதைந்து, அதன் விலையைப் போலப் பன்மடங்கு செலவு வரும். றேடியேற்றரையும் மறத்தலாகாது. குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லிலே ஊறிய வன்னீர். கேத்திலில் உப்புப் படிவதுபோல் அது றேடியேற்றரிலும் படிந்து குழாயை அடைக்கும், எஞ்சின் சூடேறும், ஹெட் வெடிக்கும். கிணற்று வாளியோடு றேடியேற்றரை அணுகும் வழக்கத்தை விட்டு, உரிய குளிர்த்தும் திரவத்தைப் பாவிப்பதே சிக்கனம்.

பெயின்ற் கடைசி. அழகு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. உயிருக்குப் பின்னர் அழகு என்கிறோம்.

இலாப நட்டத்துக்கு வருவோம். விலைகள் கடைக்குக் கடை மாறுவன. ஆகவே விளக்கத்துக்காக ஒரு கணக்குப் போடுவோம். திருத்தச் செலவு ஆறு இலட்சம் ரூபாவென்று மதிப்பிடப்பட்டதாகக் கொள்க. கழற்றிப் பார்த்தபின்பே நோய் முழுவதும் தெரியுமாதலால், காற்பங்கு, அதாவது ஒன்றரை இலட்சம், எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்குக. மொத்தம் ஏழரை இலட்சம். சொந்த வானில் செல்வதால், டீசலும் பராமரிப்பும் கழித்து, ஒரு பயணத்துக்கு 3,000 ரூபா வாடகை மிஞ்சுவதாகக் கொண்டால், ஆண்டுக்கு நூறு பயணம் செல்பவருக்கு மூன்று இலட்சம் மிச்சம். போட்ட பணம் இரண்டரை ஆண்டில் மீளும். ஆண்டுக்கு முப்பது பயணமே செல்பவருக்கோ எட்டாண்டுக்கு மேலாகும். முன்னவர் திருத்தலாம். பின்னவர் வாடகை வான் பிடிப்பது நன்று. அல்லது, அவரைப்போன்ற மூவர் எழுத்திலே உடன்படிக்கை செய்து ஒரு வானை வைத்திருப்பது நன்று. ஒவ்வொருவரும் தம் சொந்த எண்களை இக்கணக்கில் இட்டுப் பார்க்கட்டும்.

சட்டம் சொல்வது

பணத்தைக் கையில் எடுக்குமுன் பதிவுப் புத்தகத்தைக் கையில் எடுங்கள். அடிச்சட்ட இலக்கமும் எஞ்சின் இலக்கமும் அதனோடு பொருந்துகின்றனவா என்று நேரிற் பாருங்கள். முழு உரிமையாளராக நிதிக் கம்பனியொன்றின் பெயர் இருக்குமாயின், அக்கடன் தீருமுன் அவ்வானுக்குச் செலவிடும் பணம் பிறர் காணியிற் கட்டிய வீடு. எஞ்சினை மாற்றினாலும் நிறத்தை மாற்றினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்தவேண்டும்.

கராஜில் வாய்ப்பேச்சோடு வானை விட்டு வருவதே எம்மவர் வழக்கம். வழக்குகளின் பிறப்பிடமும் அதுவே. இன்ன வேலை, இன்ன பாகம், புதியதா பாவித்ததா, இவ்வளவு கூலி, இன்ன திகதி என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுவது எவ்வளவு எளிது! மேலதிக வேலை தோன்றினால் உரிமையாளரின் சம்மதம் பெற்றே தொடங்கவேண்டும் என்ற ஒரு வரியும் அதில் இருக்கட்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், சேவை வழங்குவோர் உரிய கவனத்தோடும் திறமையோடும் அதனைச் செய்யவேண்டுமென்று விதிக்கின்றது. மறுபுறத்தில், வேலை செய்தவருக்கும் உரிமை உண்டு. கூலி கிடைக்கும்வரை வானைத் தடுத்து வைத்திருக்க எமது நாட்டின் உறோமன் டச்சுச் சட்டம் அவருக்கு இடமளிக்கின்றது. எழுத்திருந்தால் இரு பகுதியாருக்கும் பாதுகாப்பு. எழுத்தில்லாவிடின் நீதிமன்ற வாசற்படிதான் இருவருக்கும் மிச்சம்.

அரசாங்கத்தின் கடமை

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ், லொறிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கப்படுகின்றது. தனியார் பாவனை வானின் உரிமையாளர் வருடாந்த வருமான உத்தரவுப் பத்திரத்துக்குக் காப்புறுதியையும், 2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனையின் சான்றிதழையும் காட்டினாற் போதும். புகையைச் சோதிப்பது நன்றே. நாம் சுவாசிக்கும் காற்று அது. ஆயினும், வால்புறத்துப் புகையைப் பார்க்கும் கண், சில்லினுள்ளே தேய்ந்த பிறேக்கைப் பாராதிருப்பது என்ன நியாயம்?

பிறேக்கும் ரயரும் வாங்கும் குடியானவனிடம், ஆடம்பரப் பொருள் வாங்குபவனிடம் அறவிடும் அதே 18 வீதத்தை அறவிடுவதும் முறையன்று. பிறேக், ஸ்ரியறிங், ரயர், இருக்கைப் பட்டி ஆகிய உயிர்காக்கும் பாகங்களுக்கு வரியைக் குறைத்தல் வேண்டும். திறைசேரிக்கு நட்டமென்பார்க்கு ஒன்று கேட்போம்: விபத்தில் நொருங்கியவனை மாதக்கணக்கில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்துப் பராமரிக்கும் செலவு எந்தத் திறைசேரியிலிருந்து வருகின்றது?

வருடாந்த வாகன உத்தரவுப் பத்திரக் கட்டணம், 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி மாகாணத்துக்குரிய வருமானம். வடக்கிலே ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு பரிசோதனைக் களம் அமைத்து, பழைய வாகனங்களைச் சிறு கட்டணத்துக்குச் சோதித்துக் குறைகளை எழுதிக்கொடுக்க அவ்வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கலாம். முதல் மூன்றாண்டுக்குத் தண்டம் வேண்டாம், அறிவுரை போதும். தண்டத்தோடு தொடங்கினால் ஏழையின் வான் கொல்லைக்குட் பதுங்கும். அறிவுரையோடு தொடங்கினால் களத்துக்கு வரும்.

எம் கடமை

அரசாங்கம் செய்யட்டுமென்று நாம் கைகட்டி நிற்றல் தகாது. கூட்டுறவு எம் மண்ணில் ஆழ வேரோடிய இயக்கம். உரமும் அரிசியும் கூட்டாக வாங்கிய சங்கங்கள், ரயரையும் பிறேக் பாகங்களையும் மொத்தமாக வாங்கி அங்கத்தவர்க்கு நியாய விலையில் கொடுத்தல் இயலாததா? கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் இளைஞர் மோட்டார்த் தொழில்நுட்பம் பயில்கின்றனர். முற்றுகைக் காலத்து முதிய மெக்கானிக்கின் கையறிவும் இவ்விளைஞரின் நூலறிவும் ஒரு பட்டறையிற் சேருமாயின், எம் வீதிகள் எவ்வளவு பாதுகாப்புப் பெறும்!

உத்தியோகத்தருக்கும் ஒரு சொல். ஊரிலுள்ள தமையனுக்கோ மைத்துனருக்கோ வான் திருத்தப் பணம் அனுப்பும்போது, "பெயின்ற் அடித்தாயா?" என்று கேளாதீர்கள். "பிறேக் மாற்றினாயா, ரயரின் ஆண்டு என்ன?" என்று கேளுங்கள். பணம் கொடுப்பவரின் கேள்விதான் பல வீடுகளில் செலவின் வரிசையை நிர்ணயிக்கின்றது.

பழைய வானை வைத்திருப்பது வெட்கமன்று. அதனை உழைக்கவைப்பது சிக்கனம். ஆனால், வீதியிலே எதிரே சைக்கிளில் வரும் பிள்ளை எம் சிக்கனத்துக்கு விலை கொடுத்தல் ஆகாது. கராஜில் கேட்கவேண்டிய முதற் கேள்வி "ஓடுமா?" என்பதன்று. "நிற்குமா?" என்பதே.