சொல் இல்லாத பாட்டு

ஆண்டிமடத்தில் ஓர் உற்சவம். சுவாமி வாசலைத் தாண்டுமுன்பே தவில் முழங்கிற்று. தொடர்ந்து நாகஸ்வரத்தில் மல்லாரி. பக்கத்தில் நின்ற பெண், "இது என்ன பாட்டு மாமி? சொல்லையே காணோமே!" என்றாள்.

மல்லாரிக்குச் சொல் கிடையாது, அம்மா! சுவாமி புறப்பட்டாயிற்று என்று ஊருக்குச் சொல்வதுதான் அதன் வேலை. ராகம் கம்பீர நாட்டை. ரிஷபமும் தைவதமும் இல்லாமல் ஐந்தே ஸ்வரங்கள். அதனால்தானோ என்னவோ, அழுகைக்கோ கொஞ்சலுக்கோ அதில் இடமே இல்லை! முதலில் நிதானமாக வாசித்து, அதையே இரட்டித்து, பிறகு நாலு மடங்காக்குவார்கள். தாளம் மட்டும் அசையாது.

சுருதி கதை வேறு. பழைய திமிரி நாகஸ்வரம் குட்டை. சுருதி உச்சத்தில் நிற்கும். 1956-ல் மறைந்த ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரியைக் கொண்டுவந்த பிறகுதான் சுருதி இறங்கி, நாதம் கனிந்தது.

தேருக்கு, தீர்த்தத்துக்கு, தளிகைக்கு என்று தனித்தனி மல்லாரிகள் உண்டு. தளிகை மல்லாரி கேட்டால் நைவேத்யம் வருகிறதென்று அர்த்தம்.

பாதி வீதி போவதற்குள் யாரோ ரூபாய் நோட்டை நீட்டிச் சினிமாப் பாட்டு கேட்டார். வித்வான் வாசித்தார். அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே!

மறுநாள் நானே போய், "மூன்று காலமும் மல்லாரி வேண்டும்" என்றேன்.

"கேட்க ஆள் இருக்கிறதா, அம்மா?" என்று சிரித்தார். வாசித்தார்.