மூலிகைப் புட்டியும் தொழிலாளியின் இரத்தமும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கங்களில் இன்று கொழுப்பைக் கரைக்கும், உடம்பைச் சீர்செய்யும், பக்க விளைவே இல்லாத மூலிகை என்று சொல்லிப் புட்டிகள் விற்கப்படுகின்றன. ராத்திரி ஷிப்டில் கண்விழித்து, வேளைகெட்ட வேளையில் உண்டு, முப்பது வயதிலேயே கொலஸ்ட்ரால் அதிகம் என்று சீட்டு வாங்கி வரும் தோழர்களில் சிலர், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இப்புட்டியை வாங்குகிறார்கள் என்பதாலேயே இதை எழுத நேர்ந்தது.

இவ்வியாபாரத்தின் சூட்சுமம் என்ன? பல்வலிக்கென்று மண்ணைக் கொடுத்தால் மாலைக்குள் குட்டு வெளியாகிவிடும். கொலஸ்ட்ராலோ வலிக்காது, ஏறினாலும் தெரியாது, இறங்கினாலும் தெரியாது, தெரிகிற நாள் மாரடைப்பு நாளாயிருக்கும். ஆகவே எதைக் கொடுத்தாலும் குணம் தெரிகிறது என்று சொல்லிக்கொள்ளலாம். அன்றியும், எண்ணெயைக் குறை, தினமும் நட, கூடவே புட்டியையும் சாப்பிடு என்கிறார்கள். நடந்தவன் கால் சம்பாதித்த பலனைப் புட்டி தட்டிக்கொண்டு போகிறது! மழை பெய்தால் யாகத்தின் மகிமை, பெய்யாவிட்டால் ஊராரின் பாவம் என்ற பழைய கணக்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நிற்க, புட்டியைத் திருப்பிப் பாருங்கள். மருந்தாக அல்லாமல் உணவுச் சட்டத்தின் கீழ் விற்பனையாகும் குளிகையானால், மருத்துவ உபயோகத்துக்கு அல்ல என்று அதில் அச்சிட்டே தீரவேண்டும். முன்பக்கம் வைத்தியம், பின்பக்கம் கைகழுவல்!

நமக்குச் செடியோடு சண்டையில்லை. இன்று டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளுக்கு வழிகாட்டிய பொருளை 1973-ல் ஜப்பானின் அகிரா எண்டோ கண்டெடுத்ததும் ஒரு பூஞ்சணத்தில்தான். பூஞ்சணம் என்று அதைத் தள்ளவுமில்லை, இயற்கையின் வரம் என்று கும்பிடவுமில்லை. ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்தே ஏற்றார்கள். நம் நாட்டுக் குக்குலு என்னும் மரப்பிசினையும் அமெரிக்காவில் 103 பேரிடம் எட்டு வாரம் சோதித்தார்கள். 2003-ல் வெளியான முடிவு என்ன? மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு 5 சதவிகிதம் குறைந்தது. குக்குலு சாப்பிட்டவர்களுக்கு, அளவுக்கேற்ப, 4 முதல் 5 சதவிகிதம் ஏறியது! சிலருக்குத் தோலில் தடிப்பும் கண்டது. பக்க விளைவே இல்லை என்பவர்கள் இதற்கென்ன சொல்லுகிறார்கள்?

சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்றிருக்கலாமா? 2024 ஏப்ரலில் உத்தரகண்ட் அதிகாரிகள், கொலஸ்ட்ராலுக்கென்று விற்ற 'லிபிடோம்' உள்பட பதஞ்சலி கூட்டத்தாரின் 14 மருந்துகளுக்கு லைசென்சை நிறுத்தினார்கள். அடுத்த மாதமே அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது.

தோழர்களே, இ.எஸ்.ஐ.க்கென்று உங்கள் கூலியில் நூற்றுக்கு 75 காசு பிடிக்கப்படுகிறதே, அது எதற்கு? அங்கே போய் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடியும் கேளுங்கள். புட்டி சாப்பிடுகிறவர்கள் அதை ஒளிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஷிப்டு காரணமாகப் போக நேரமில்லை என்றால், சங்கத்தின் மூலமாக அந்த நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.