சொட்டு மருந்துப் பணிக்கு நாள் சம்பளம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உலக போலியோ தினத்தையொட்டித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அரசையும் உலக சுகாதார நிறுவனத்தையும் ரோட்டரி சங்கத்தையும் பாராட்டியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வீடு வீடாகப் போய்ச் சொட்டு மருந்து கொடுத்த பெண்களுக்கு அதில் கிடைத்தது ஒரே ஒரு வரி, அதுவும் ‘லட்சக்கணக்கான தன்னார்வலர்கள்’ என்று. அவர்களில் பெரும்பகுதியினர் அங்கன்வாடிப் பணியாளர்கள், உதவியாளர்கள், ஆஷா பணியாளர்கள். முகாமுக்கு வா என்று ஆணை வந்தால் முடியாது என்று சொல்ல அவர்களால் முடியாது. இப்படி வேலை வாங்கிவிட்டுத் தொண்டு என்று பெயர் சூட்டி, படி என்று ஒரு சிறு தொகையைக் கையில் வைத்து அனுப்புவதைக் கண்டித்தே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் வேலூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பள்ளியில்தான் போலியோ முகாம் நடக்கும். நாளிதழ்களில் நாம் பார்ப்பது அமைச்சரோ ஆட்சியரோ ஒரு குழந்தையின் வாயில் மருந்து விடும் படத்தை மட்டுமே. காலை ஏழு மணிக்கு முகாம் தொடங்க வேண்டுமென்றால், அதற்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஐஸ் கட்டி வைத்த மருந்துப் பெட்டி வந்து சேர வேண்டும். மருந்துக் குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் வெளிர் நிறச் சதுரமும் இருக்கும். வெப்பம் பட்டால் சதுரம் கருக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது. வெயிலிலும் கூட்டத்திலும் நின்றுகொண்டு ஒவ்வொரு குப்பியையும் இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள். இரண்டு சொட்டு விட்டதும் குழந்தையின் இடக்கைச் சுண்டுவிரலில் மை. மாலை ஐந்து மணிக்குக் கணக்கு எழுதி முடிக்க வேண்டும்.

முகாம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமையோடு வேலை முடிவதில்லை. அடுத்த நாள்களில் விடுபட்ட குழந்தைகளைத் தேடித் தெருத் தெருவாகப் போக வேண்டும். செங்கல் சூளை, கட்டட வேலை நடக்கும் இடம், வெளிமாநிலத் தொழிலாளர் குடியிருப்பு, பேருந்து நிலையம் எதையும் விட முடியாது. காய்ச்சலடிக்கிறது, தூங்குகிறான், போன முறைதான் கொடுத்தோமே என்று சொல்லும் தாய்மாரிடம் நின்று பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டும். அங்கன்வாடிப் பெண்களுக்கு வாக்காளர் பட்டியல் வேலையும் இதே காலத்தில் வந்து சேர்வதுண்டு. அந்த ஞாயிற்றுக்கு ஈடாக அவர்களுக்கு ஓய்வு நாள் உண்டா என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் வேலூருக்குப் போலியோ ஒழிப்பில் தனிப் பெருமை உண்டு. ஒரே நாளில் ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து கொடுக்கும் முறையை 1980களின் தொடக்கத்திலேயே இங்கே செய்து காட்டியவர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் இயல் அறிஞர் ஜேக்கப் ஜான். ரோட்டரி சங்கத்தினர் அவருக்குத் துணை நின்றார்கள். 1995இல் அது நாடு முழுவதற்குமான திட்டமானது. 2009இல்கூட இந்தியாவில் 741 குழந்தைகள் போலியோவால் பாதிக்கப்பட்டார்கள். நம்மால் முடியாது என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு தேசிய முகாமில் ஏறத்தாழ 24 லட்சம் பேர் சுமார் 17 கோடிக் குழந்தைகளுக்கு மருந்து கொடுத்தார்கள். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு சிறுமிக்கு வந்ததே இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ. 2014 மார்ச் 27 அன்று நமக்குப் போலியோ இல்லை என்ற சான்றிதழ் கிடைத்தது.

சேவைக்குக் கூலி கேட்பதா என்று சிலர் கேட்கிறார்கள். ரோட்டரி நண்பர் ஒருவர் தன் கடையை மகனிடம் விட்டுவிட்டு ஞாயிறு முழுவதும் முகாமில் நிற்கிறார் என்றால் அது சேவைதான். அவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அவருக்கு வருமானம் வேறு வழியில் வருகிறது. விரும்பாவிட்டால் அடுத்த முறை வராமலும் இருக்கலாம். அங்கன்வாடி உதவியாளருக்கு இந்த இரண்டும் இல்லை. அங்கன்வாடிப் பணியாளருக்கு ஒன்றிய அரசு 2018இல் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம் இருப்பதால் நிலைமை ஓரளவு மேல். எல்லா மாநிலங்களிலும் அப்படி இல்லை.

2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் நம் ஆஷா பணியாளர்களுக்கு விருது வழங்கிக் கௌரவித்தது. அதே விருது அதே நாளில் இன்னும் எட்டுப் பேருக்கும் அறிவிக்கப்பட்டது. அந்த எட்டுப் பேரும் அப்போது உயிரோடு இல்லை. ஆப்கானிஸ்தானின் தகார், குந்துஸ் மாகாணங்களில் 2022 பிப்ரவரி 24 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட போலியோ பணியாளர்கள் அவர்கள். அவர்களில் நான்கு பேர் பெண்கள். பாகிஸ்தானிலும் 2012 முதல் சொட்டு மருந்துப் பெட்டியோடு போன பெண்களும் காவலுக்குப் போன போலீசாரும் கொல்லப்பட்டு வருகிறார்கள். கடைநிலைப் பெண்களின் உழைப்பையும் உயிரையும் இவ்வளவு மலிவாக எடுத்துக்கொள்வது எந்த நாட்டில் நடந்தாலும் என்னால் பொறுக்க முடியவில்லை.

நம் நாட்டில் செய்ய வேண்டியது என்ன என்பது தெரியாத விஷயமல்ல. அங்கன்வாடி, ஆஷா போன்ற திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்று, குறைந்தபட்சக் கூலியும் ஓய்வூதியமும் வழங்க வேண்டும் என்று 2013இல் இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் 45ஆவது அமர்வு பரிந்துரைத்தது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அந்த மாநாட்டின் பரிந்துரையோ கோப்பில் கிடக்கிறது.

போலியோதான் போய்விட்டதே, இனி என்ன அவசரம் என்று அதிகாரிகள் இருந்துவிடக் கூடாது. பாகிஸ்தானில் 2024இல் 74 பேருக்கு இயற்கைப் போலியோ வந்தது. அந்த வைரஸ் எங்காவது இருக்கும்வரை இங்கேயும் முகாம் நடத்தியாக வேண்டும். அதே பெண்கள்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

அடுத்த முகாமுக்கு முன்பாகவே தமிழ்நாடு அரசு மூன்று காரியம் செய்யலாம். முகாம் நாளுக்கும் வீடு வீடாகச் செல்லும் நாள்களுக்கும் மாநிலத்தின் குறைந்தபட்ச நாள் கூலிக்குக் குறையாத தொகையை நிர்ணயிக்கட்டும். அதை ஒரு வாரத்துக்குள் அவரவர் வங்கிக் கணக்கில் போடட்டும். ஞாயிறு வேலைக்கு ஈடாக ஒரு நாள் விடுப்பு கொடுக்கட்டும். தங்கள் இதழும் சுகாதாரத் துறையிடமும் சமூக நலத் துறையிடமும் இதைக் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர்,
வேலூர் மாவட்டம்.